மெட்டாடேட்டா படிவத்தைக் களத்திலேயே நிரப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தர்மபுரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதும், அவர்கள் சேகரித்த தரவுகளைச் சரிபார்த்து இணையக் களஞ்சியங்களில் ஏற்ற உதவுவதும் என் தொழில். நிலத்தடி நீர், ஏரி, மாந்தோப்பு, யானை நடமாட்டம், நடுகல் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களைப் பற்றிய வேலை ஏதாவது ஒன்று தினமும் என் மேசைக்கு வரும். பெரும்பாலானவற்றில் ஒரே குறைதான். தரவு இருக்கிறது, அந்தத் தரவைப் பற்றிய தகவல் இல்லை. இதை யாரும் வெளியே பேசுவதாகத் தெரியவில்லை, அதனால் உங்கள் நாளிதழ் வழியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொண்டு வெளியிடுங்கள்.

ஒரு மாணவரோ மாணவியோ ஆய்வை முடித்ததும், கட்டுரை வெளியிடும் இதழோ நிதி கொடுத்த அமைப்போ, உங்கள் தரவையும் பொதுவில் வையுங்கள் என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல விஷயம். அப்படிக் கோப்பை ஏற்றும்போது ஒரு படிவம் வரும். தலைப்பு, சுருக்கம், யார் எடுத்தது, எந்த இடம், எந்தக் காலம், என்ன கருவி, எந்த முறையில், எவ்வளவு துல்லியம், மற்றவர்கள் இதை எப்படிப் பயன்படுத்தலாம், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அதுதான் மெட்டாடேட்டா படிவம். புவியியல் தரவுக்கென்றே ஐஎஸ்ஓ 19115 என்ற உலகத் தரம் 2003 முதல் இருக்கிறது. நம் நாட்டில் 2012-ல் வந்த தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும் தரவை மெட்டாடேட்டாவோடுதான் தரச் சொல்கிறது. விதி எல்லாம் சரியாக இருக்கிறது, நிரப்புகிற இடத்தில்தான் கோளாறு.

"அண்ணே, நாளைக்குக் கடைசி நாள், அந்த ஃபார்மை மட்டும் நீங்களே ஏதாவது போட்டு அனுப்பிடுங்க." இதைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதம் போவதில்லை. நான் அந்தக் கிணற்றடியில் நிற்கவில்லையே, எந்த மாதம் தண்ணீர் எடுத்தார்கள், பம்பு ஓடிக்கொண்டிருந்ததா, பாட்டில் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஃபுளோரைடு பார்ப்பதற்கான தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், கண்ணாடியோடு அது வினைபுரியும். எடுத்தவருக்குத்தான் இதெல்லாம் தெரியும், அதுவும் எடுத்த அன்றைக்குத் தெரிந்த அளவு ஒரு வருஷம் கழித்துத் தெரியாது. இந்தப் பிள்ளைகள் உழைக்காதவர்கள் இல்லை. சித்தேரி மலைக்கும் வத்தல்மலைக்கும் பஸ் பார்த்துப் போய், தோட்டக்காரர் வரும்வரை காத்திருந்து மாதிரி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததைக் கடைசி அரை மணி நேரத்தில் அவர்களே வீணடிக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

நான்கெல்லை எழுதாத பத்திரத்தை நம் ஊரில் யாராவது நம்பி நிலம் வாங்குவார்களா? இந்தப் படிவத்திலும் அதே நான்கெல்லை கேட்கிறார்கள். மேற்கே எந்தத் தீர்க்கரேகை, கிழக்கே எது, தெற்கே எந்த அட்சரேகை, வடக்கே எது என்று நான்கு எண்கள். களஞ்சியத்தில் யாராவது வரைபடத்தின் மேல் ஒரு கட்டம் வரைந்து "இந்தப் பகுதிக்கு என்ன இருக்கிறது" என்று தேடினால், இந்த நான்கு எண்களை வைத்துத்தான் கணினி பதில் சொல்லும். காரிமங்கலம் பக்கத்துப் பத்துக் கிணறுகளின் தரவுக்கு முழு இந்தியாவின் எல்லையைப் போட்டுவிட்டால், அசாமில் தேடுகிறவருக்கும் அது வந்து நிற்கும், காரிமங்கலத்தில் தேடுகிறவருக்கோ ஆயிரம் கோப்புகளுக்கு அடியில் புதைந்துவிடும்.

நம் மாவட்டங்களுக்கு மட்டுமே உரிய சிக்கல்கள் சில இருக்கின்றன, வெளியூர் வழிகாட்டி நூல்களில் இவை இருக்காது. முதலாவது, "தர்மபுரி மாவட்டம்" என்று எழுதினால் அது எந்தத் தர்மபுரி? 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரிக்குள் ஓசூரும் கிருஷ்ணகிரியும் ஊத்தங்கரையும் அடங்கும். 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு இருக்கும் தர்மபுரி வேறு. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாம் எல்லாரும் சேலம் மாவட்டத்துக்காரர்கள். 2001 கணக்கெடுப்பு வரை தர்மபுரி என்றால் இரண்டும் சேர்ந்தது, 2011-ல்தான் தனித்தனி. ஒருவர் 1991-ன் தர்மபுரி எண்ணையும் 2011-ன் தர்மபுரி எண்ணையும் பக்கத்தில் வைத்து மாவட்டத்தில் சாகுபடி பாதியாகக் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினால், குறைந்தது சாகுபடியா மாவட்டமா? வட்டங்களிலும் இதே கதை. நல்லம்பள்ளி, காரிமங்கலம், சூளகிரி, அஞ்செட்டி வட்டங்கள் எல்லாம் 2011 கணக்கெடுப்புக்கு அப்புறம் உருவானவை. ஆகவே "எந்த ஆண்டின் எல்லைப்படி" என்று ஒரு வரி சுருக்கத்தில் கட்டாயம் வேண்டும். அந்த ஒரு வரியை எழுதி வந்த கோப்பைப் பார்த்தால் எனக்கு அன்றைய நாளே நன்றாக இருக்கும்.

இரண்டாவது சிக்கல் இதைவிட மோசம், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மீட்டர் கணக்கில் இடத்தைக் குறிக்கும் யூடிஎம் முறையில் உலகத்தை ஆறு ஆறு பாகையாகப் பிரித்து மண்டல எண் கொடுத்திருக்கிறார்கள். 43-ஆம் மண்டலத்துக்கும் 44-க்கும் நடுவே உள்ள கோடு 78 பாகைத் தீர்க்கரேகை, அது சரியாக நம் இரண்டு மாவட்டங்களின் ஊடே போகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் எல்லாம் கோட்டுக்கு மேற்கே 43-ல். பாலக்கோடு, தர்மபுரி, கிருஷ்ணகிரி, அரூர், ஊத்தங்கரை கிழக்கே 44-ல். பென்னாகரமும் பாலக்கோடும் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் அந்தந்த மண்டலத்தில் பென்னாகரத்தின் கிழக்குத் தொலைவு எண் 8 லட்சத்துச் சொச்சம் என்று வரும், பாலக்கோட்டின் எண் 1 லட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம் என்று வரும். மண்டலத்தைப் படிவத்தில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். பென்னாகரத்துக் கிணற்றை 44 என்று எடுத்துக்கொண்டால் அது வங்காள விரிகுடாவில் போய் விழுகிறது. பாலக்கோட்டுக் கிணற்றை 43 என்று எடுத்துக்கொண்டால் அரபிக் கடலில் லட்சத்தீவுப் பக்கம். கடலில் விழுந்தால்கூட பரவாயில்லை, பார்த்தவுடன் தப்பு என்று தெரிந்துவிடும்.

தெரியாமல் போவது சிறிய தப்புதான். பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்டுகள், அதாவது நில அமைப்பு வரைபடத் தாள்கள், நம் பகுதிக்கு 57 எச், 57 எல் வரிசையில் வருபவை, எவரெஸ்ட் என்ற பழைய புவிவடிவக் கணக்கை வைத்து வரைந்தவை. கைபேசியும் ஜிபிஎஸ் கருவியும் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற புதிய கணக்கு. இரண்டையும் மாற்றாமல் கலந்தால் நம் பகுதியில் ஒரு புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். நூறு மீட்டர் என்றால் ஏரிக்கு உள்ளே இருந்த கிணறு ஏரிக்கு வெளியே வந்துவிடும், ஒருவர் பட்டா நிலத்தில் இருந்த நடுகல் அடுத்தவர் நிலத்தில் நிற்கும். அதனால் இடத்தை எந்தக் கணக்கில் குறித்தீர்கள் என்று கேட்கும் அளவைமுறை என்ற கட்டத்தில் "ஜிபிஎஸ்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு அளவைமுறைக்கும் ஈபிஎஸ்ஜி என்ற குறியீட்டு எண் உண்டு; டபிள்யூஜிஎஸ் 84-ல் அட்சரேகை தீர்க்கரேகை என்றால் 4326, யூடிஎம் 43 என்றால் 32643, 44 என்றால் 32644 என்று அதைப் போடுங்கள், ஒரே எண்ணில் சந்தேகம் தீர்ந்துவிடும். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போடுவதும் நிறைய நடக்கிறது. தர்மபுரியின் 12.1, 78.1 என்பதைத் திருப்பிப் போட்டால் வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் போய் நிற்கும்.

தசம இலக்கங்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைபேசி புள்ளிக்கு அப்புறம் ஆறு ஏழு இலக்கம் காட்டுகிறது என்பதால் அவ்வளவு துல்லியம் என்று அர்த்தம் கிடையாது. ஆறாவது இலக்கம் என்பது ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். திறந்த வெளியிலேயே கைபேசி சில மீட்டர் தள்ளித்தான் காட்டும், அஞ்செட்டிக் காட்டுக்குள் மரத்தடியில் நின்று எடுத்தால் இன்னும் தள்ளும். துல்லியம் என்ற கட்டத்தில் கருவி காட்டிய பிழை அளவை அப்படியே எழுதினால் போதும்.

ஊர்ப்பெயருக்கு வருவோம். பர்கூர் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருக்கிறது, ஈரோடு மாவட்டத்து மலையிலும் இருக்கிறது. பர்கூர் மாடு என்றால் ஈரோட்டுப் பர்கூர். கால்நடை பற்றிய தரவில் வெறும் பர்கூர் என்று போட்டால் எதைச் சொல்கிறீர்கள் என்று வெளியூர்க்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நம் காவேரிப்பட்டினம் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது, ஆனால் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அதைக் காவிரிக் கரை என்று நினைப்பவர்களும், பூம்புகாரின் பழைய பெயரோடு குழப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். கிராமம், வட்டம், மாவட்டம் மூன்றையும் சேர்த்து எழுதி, முடிந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமக் குறியீட்டு எண்ணையும் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை.

இனி ஃபுளோரைடு. நம் மாவட்டங்களைப் பற்றி வரும் தரவுகளில் மனிதர்களின் உடம்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இது, ஆகவே இதில் அலட்சியம் கூடாது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழி இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நம் பகுதியில் அதைத் தாண்டிய ஊர்கள் நிறைய, பல்லில் மஞ்சள் கறை படிந்த பிள்ளைகளையும் முட்டி மடக்க முடியாத பெரியவர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு கோப்பில் "கிராமம், ஃபுளோரைடு அளவு" என்று இரண்டே பத்திகள். தேதி இல்லை. பைப்பில் வந்த தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா, திறந்த கிணறா என்று இல்லை. அளவு 0.6 என்று இருக்கிறது. இதை ஒரு மருத்துவரோ அதிகாரியோ எப்படிப் படிப்பார்? காவிரித் தண்ணீர் வந்துவிட்டதால் 0.6-ஆ, அந்த ஊரில் முதலிலிருந்தே பிரச்சினை இல்லையா, அல்லது காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்த தண்ணீரா? மூன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. தேதிக் கட்டத்தில் பலரும் கட்டுரை வெளியான ஆண்டைப் போடுகிறார்கள். தண்ணீர் எடுத்த நாள்தான் வேண்டும். 2012-ல் எடுத்ததை 2015-ல் வெளியிட்டு 2015 என்று எழுதினால், திட்டம் வந்த பிறகும் ஒன்றும் மாறவில்லை என்று யாரோ ஒருவர் எழுதிவிடுவார்.

"பருவமழைக்கு முன்", "பருவமழைக்குப் பின்" என்று எழுதும் பழக்கமும் நமக்குச் சரிப்படாது. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்கும் கிடைக்கிறது. செப்டம்பர் கடைசி என்பது ஒன்றுக்குப் பின், இன்னொன்றுக்கு முன். மாதத்தையே எழுதிவிடுங்கள்.

ஆழம் என்ற பத்தியில் 30, 45, 900, 1100 என்று எண்கள் வரிசையாக இருக்கும் ஒரு கோப்பை அண்மையில் பார்த்தேன். 900-ம் 1100-ம் அடி என்று நம் ஊரில் போர் போட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். 30 அடியா மீட்டரா? திறந்த கிணறு என்றால் 30 அடியாகவும் இருக்கலாம், அரசுத் துறையின் கண்காணிப்புக் கிணற்றுப் பட்டியலிலிருந்து எடுத்தது என்றால் மீட்டராகவும் இருக்கலாம். அந்தத் தம்பிக்கு போன் செய்தால், "பாதி நான் கேட்டு எழுதினதுண்ணே, பாதி ஆபீஸ்ல வாங்கினது" என்றார். எது பாதி என்று அவருக்கே நினைவில்லை. அதே கோப்பில் சில இடங்களில் பூஜ்யம் போட்டிருந்தது, சில இடங்கள் காலி. பூஜ்யம் என்றால் ஃபுளோரைடே இல்லையா, கருவிக்கு எட்டாத அளவா, அன்றைக்குச் சோதிக்கவில்லையா? கடைசியில் அவர் களக்குறிப்பு நோட்டைத் தேடி எடுத்து வந்து, இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். நோட்டில் எழுதாத கிணறுகளைத் தனியாக ஒதுக்கி, "அலகு உறுதியில்லை" என்று படிவத்தில் குறித்துவிட்டோம். நல்ல தரவு கைவிட்டுப் போகிறதே என்று அவருக்கு மனசே இல்லை, ஆனாலும் சம்மதித்தார், அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

பத்திப் பெயர்களில் வேறு ஒரு வில்லங்கம். வரைபடத் தரவுக்கான ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகையில் பத்திப் பெயர் பத்து எழுத்தைத் தாண்டக் கூடாது. அதனால் சுருக்கிச் சுருக்கி எழுதி, யாருக்கும் புரியாத குறியீடாகிவிடும். தமிழில் பெயர் வைத்தால் யூனிகோடில் ஒவ்வொரு குறியும் மூன்று இடம் எடுத்துக்கொள்ளும், அதாவது மூன்று குறிக்கு மேல் கொள்ளாது. எனவே ஒவ்வொரு பத்தியும் எதைக் குறிக்கிறது, என்ன அலகு என்பதைப் படிவத்திலோ தனிக் கோப்பிலோ விளக்கியே ஆக வேண்டும். பழைய கோப்புகளில் ஊர்ப்பெயர்களை பாமினியிலோ வானவில்லிலோ அடித்து வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டுவிட்டது. மாற்றிவிடுங்கள், மாற்ற முடியாவிட்டால் எந்த எழுத்துரு என்றாவது எழுதி வையுங்கள்.

செயற்கைக்கோள் படங்களை வைத்து மாந்தோப்புப் பரப்பையும் ஏரிப் பரப்பையும் கணக்கிடுகிறவர்கள், படத்தைப் பதிவிறக்கிய நாளை எழுதாமல் செயற்கைக்கோள் படம் எடுத்த நாளை எழுத வேண்டும். மே மாத ஏரியும் டிசம்பர் ஏரியும் ஒன்றா? படத்தின் கட்ட அளவும், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதும், முக்கியம். சென்டினல் 2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். லேண்ட்சாட்டில் 30 மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். ராயக்கோட்டைப் பக்கம் 20 சென்டில் தக்காளி போட்டிருக்கிறவரின் நிலம் லேண்ட்சாட் படத்தில் தனியாகத் தெரியவே தெரியாது. "தக்காளிப் பரப்பு குறைவு" என்று அந்தத் தரவு சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பதை படிவத்தில் எழுதிய இந்த ஓர் அளவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

யானை சேதத் தரவில் தேதி என்பது யானை வந்த நாளா, இழப்பீட்டுக்கு மனு கொடுத்த நாளா என்று எழுதாமல் விடுகிறார்கள். யானை எந்த மாதத்தில் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் தேன்கனிக்கோட்டை விவசாயிக்கு மனு நாள் எதற்கு உதவும்?

ஒழுங்காக எழுதி வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் மாவட்டங்களிலேயே பெரிய சான்று இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த கரி மாதிரியைக் காலக்கணிப்பு செய்து, இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் அறிவித்தார். எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது என்ற குறிப்பு இல்லாமல் அந்தக் கரித்துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் கரியின் வயது மட்டும் தெரிந்திருக்கும், அந்த வயதை இரும்போடு சேர்த்துப் பேச ஒரு ஆதாரமும் இருந்திருக்காது.

ஆனால் எல்லாவற்றையும் துல்லியமாக வெளியே போட வேண்டும் என்றும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நடுகற்கள் எவ்வளவு என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும், பல இன்னமும் புளியமரத்தடியிலும் வரப்பிலும் காவல் இல்லாமல் நிற்கின்றன. அவற்றின் இருப்பிடத்தை மீட்டர் சுத்தமாக இணையத்தில் போடுவது திருடனுக்கு வழி காட்டுகிற வேலை. அரிய செடிகள், விலங்குகளின் இருப்பிடமும் அப்படித்தான். அட்சரேகை தீர்க்கரேகையை இரண்டு தசம இலக்கத்தோடு நிறுத்திவிட்டால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை மங்கிவிடும். அப்படி மங்கச் செய்ததையும், முழு எண் யாரிடம் இருக்கிறது, எப்படிக் கேட்டு வாங்கலாம் என்பதையும் படிவத்தில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். சொல்லாமல் மாற்றினால் அடுத்தவர் அந்த இடத்துக்குப் போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வருவார், தரவே பொய் என்பார்.

உரிமம், தொடர்பு முகவரி இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். உரிமக் கட்டத்தைக் காலியாக விட்டால், நேர்மையானவர்கள் அந்தத் தரவைத் தொட மாட்டார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற பொது உரிமங்களில் ஏதாவது ஒன்றைத் தெளிவாகத் தேர்ந்தெடுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது இணைய வரைபடத்திலிருந்து சாலையோ ஏரியோ எடுத்திருந்தால் அதற்கென்று நிபந்தனை இருக்கிறது, பெயரும் சொல்ல வேண்டும், அந்தத் தரவிலிருந்து உருவான தரவையும் அதே நிபந்தனையில்தான் தர வேண்டும். தொடர்புக்குக் கல்லூரி கொடுத்த தற்காலிக மின்னஞ்சலை மட்டும் போட்டால், படிப்பு முடிந்ததும் அது மூடப்பட்டுவிடும். துறையின் பொது முகவரியையும், ஒவ்வொரு ஆய்வாளருக்கும் நிரந்தர அடையாளமாகக் கிடைக்கும் ஆர்சிட் எண்ணையும் சேர்த்துப் போட்டால் அவர் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் தேடிப் பிடிக்கலாம்.

தலைப்பு, சுருக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. "தர்மபுரி வாட்டர் டேட்டா ஃபைனல்" என்பது தலைப்பு ஆகாது. எது, எங்கே, எப்போது மூன்றும் தலைப்பிலேயே இருக்கட்டும். சுருக்கம் என்ற கட்டத்தில் ஆய்வேட்டின் சுருக்கத்தை அப்படியே வெட்டி ஒட்டுகிறார்கள். ஆய்வேட்டுச் சுருக்கம் நீங்கள் கண்டுபிடித்ததைச் சொல்லும். இங்கே கேட்பது கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை. எத்தனை இடங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் என்னென்ன அளவுகள், எதை விட்டுவிட்டோம், ஏன் விட்டோம் என்று எழுதினால் போதும். அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. யூனிகோடு ஏற்கும் களஞ்சியங்களில் தமிழ் தாராளமாக ஏறும், ஐஎஸ்ஓ தரத்திலும் மொழியைக் குறிப்பதற்கு இடம் உண்டு. ஆங்கிலச் சுருக்கத்துக்குக் கீழே தமிழில் பத்து வரி எழுதினால், தண்ணீர் கொடுத்த அந்தத் தோட்டக்காரரின் மகளோ, ஊராட்சிச் செயலரோ, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரோ தங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க முடியும். நம் ஊர்க் கிணற்றில் எடுத்த தரவை நம் ஊர்க்காரர் படிக்க முடியாமல் வைத்திருப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

இதற்கு என்ன செய்யலாம்? மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. களப்பணிக்குக் கிளம்புவதற்கு முன்பே அந்தப் படிவத்தை அச்செடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தேதி, கருவி, துல்லியம், அலகு, மாதிரி எடுத்த முறை ஐந்தையும் அன்றன்றைக்கே எழுதிவிட்டால் கடைசி நாளில் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. நெறியாளராக இருக்கும் பேராசிரியர்கள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தப் படிவத்தையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். நம் இரண்டு மாவட்டக் கல்லூரிகளிலும் புவியியல், நிலவியல், வேளாண்மை, வரலாறு என எந்தத் துறையாக இருந்தாலும், ஆய்வு முறையியல் வகுப்பில் இதற்கு ஒரு நாள் ஒதுக்கலாம். அரசுத் துறைகள் ஆய்வாளர்களுக்குப் பட்டியலும் வரைபடமும் கொடுக்கும்போது, எந்த ஆண்டு எடுத்தது, எந்த அலகு, எந்த அளவைமுறை என்று ஒரு தாளை இணைத்துக் கொடுத்தால் பாதிக் குழப்பம் முளைக்கும் இடத்திலேயே நின்றுவிடும். எக்செல் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து அனுப்புவதால் அவர்களுடைய உழைப்புக்கும் மதிப்பில்லாமல் போகிறது.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழில் ஏரிகள், நிலத்தடி நீர்மட்டம், வறட்சி பற்றி வரைபடம் போடும்போது அடியில் ஒரே ஒரு வரி சேருங்கள். தரவு யாருடையது, எந்த மாதம் எந்த ஆண்டு எடுத்தது, எந்த ஆண்டின் மாவட்ட எல்லை. பக்கத்தில் அதற்கு அரை அங்குல இடம் போதும். வாசகர்களுக்கு அது பழகிவிட்டால், அந்த வரி இல்லாத வரைபடத்தைப் பார்த்தவுடன் எங்கே என்று கேட்பார்கள்.

ஃபுளோரைடு தரவுக்கான மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுவதுமாக நிரப்பி வைத்திருக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் எந்தத் துறையாவது கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்குத் தெரிவியுங்கள், கட்டணம் எதுவும் இல்லாமல் கொடுக்கிறேன், நேரில் வந்து மாணவர்களோடு உட்கார்ந்து நிரப்பிக் காட்டவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வரைபடப் பணியாளர் ஒருவர்,
தர்மபுரி.